அம்மா + குட்டி: அறையில்

இல்லை, கடலுக்குப் பயந்து அல்ல. மாலதியிடம் நீ அப்படித்தான் சொல்லியிருப்பாய். அம்மா மலையிலேயே இருந்தவள், தண்ணீர் என்றால் பயம், நான் எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும் என்று. ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஒண்டிக்கடை எஸ்டிடி பூத்தில் நின்று 'நான் வரவில்லை' என்று சொன்னதும் நீ சிரித்தாய். 'கடல் ஒண்ணும் பண்ணாதும்மா' என்றாய். எனக்குப் பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. அதனால் போனை வைத்துவிட்டேன். வைத்தது நல்லதுதான். அங்கேயே பேசியிருந்தால் என் கோபத்தை மட்டும் சொல்லியிருப்பேன். அதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். பத்தொன்பது வருடமாகக் கிடைத்ததைப் போல. எழுதும்போது அப்படித் தப்பிக்க முடியவில்லை. மூன்று தடவை கிழித்துவிட்டேன். இது நான்காவது.

நீ அனுப்பிய தாள் என் முன்னால் இருக்கிறது. இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாள். மூன்று பக்கமும் ஒட்டியபடியே விரிகிறது. அந்தமான், எட்டு நாள், பொங்கல் லீவோடு சேர்த்து. நாள்வாரியாகக் கட்டம் போட்டிருக்கிறாய். மதராஸிலிருந்து விமானம், என் பெயரில் டிக்கெட், அதையும் கூடவே வைத்து அனுப்பியிருக்கிறாய். இரண்டாம் நாள், பழைய சிறைச்சாலை: நான், மாலதி. அம்மா + குட்டி: அறையில். மூன்றாம் நாள், கண்ணாடி அடிப் படகில் பவளப்பாறை: நான், மாலதி. அம்மா + குட்டி: அறையில். ஐந்தாம் நாள், தூரத்துத் தீவு, விடியலில் போய் இருட்டியபின் திரும்புவது. அன்றும் அம்மா + குட்டி: அறையில். விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கும் கடல் கொடுத்திருக்கிறாய். நான்காம் நாள் மாலை, கடற்கரை, எல்லோரும், ஒரு மணி நேரம். மறந்துபோய்ச் செய்ததாக இருந்தால் மன்னித்திருப்பேன். நீ மறக்கவில்லை. உட்கார்ந்து யோசித்து, நடுவில் ஒரு கூட்டல் குறியும் போட்டிருக்கிறாய்.

என் மருமகள் மாலதியை இதில் இழுக்காதே. தட்டச்சு செய்தது நீ. குட்டியைப் பார்த்துக்கொள்ள எனக்குக் கசக்கிறது என்றும் நினைக்காதே. இங்கே கொண்டுவந்து விடு. ஒரு மாதம் வைத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன், ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் நடுவில் உட்கார்ந்து விளையாடட்டும். ஆள் வேண்டும் என்றால் ஆள் வேண்டும் என்று கேள். 'அம்மா, எங்களுக்கு ஒரு வாரம் வேண்டும், குட்டியை வைத்துக்கொள்' என்று இரண்டு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே சரி என்று பதில் போட்டிருப்பேன். நீ அப்படி எழுதவில்லை. 'உனக்காகத்தான் இந்த ட்ரிப்பே' என்று எழுதினாய். எனக்காகப் போடப்பட்ட பயணத்தில் நான் எட்டு நாளில் ஒரு மணி நேரம் கடலைப் பார்ப்பேன்.

தாள் வந்த அன்று மாலை உன் அப்பா பழம் நிறுத்து முடித்து வந்ததும் தாளை அவரிடம் கொடுத்தேன். ஜனவரி. உனக்குத் தெரியாத மாதமா? காப்பிப் பழம் செடியில் சிவந்து நிற்கிறபோது நாகலூர்ப் பக்கம் எந்த எஸ்டேட்டிலும் ரைட்டருக்கு லீவு என்ற பேச்சே இல்லை. காலையில் ஆள் பெயர் எழுத வேண்டும், பொழுது சாய்கிறபோது ஒவ்வொரு பெண்ணின் சாக்கையும் நிறுத்து எழுத வேண்டும். நீ அந்தத் தராசுக்குப் பக்கத்தில் சாக்கின்மேல் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்தவன். அவர் வர முடியாத மாதம் என்று தெரிந்தே அந்த மாதத்தை எடுத்துக்கொண்டு, பிறகு வருத்தப்பட்டும் எழுதியிருக்கிறாய்: அப்பாவுக்குச் சீசன், பரவாயில்லை, அவருக்குக் கடலில் அவ்வளவு ஆர்வமும் இல்லை. அவர் தாளை விளக்குக்கு அருகில் பிடித்து மூன்று பக்கத்தையும் படித்தார். 'நொம்ப நல்லாத்தாம் போட்டிருக்கான்' என்றார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார். 'எம்பேரு எங்கியும் காணமே.' சிரித்துக்கொண்டேதான் சொன்னார். 'அதுஞ்செரிதான். ரைட்டருன்னா மத்தவங்க பேர எழுதறவன்.' நான் சிரிக்கவில்லை. 'நீ போயிட்டு வா, டீச்சர். வந்து எனக்குச் சொல்லு' என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார், பாதி கேலியாக. பிறகு கைகால் கழுவப் போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

மார்ச் கடைசியில் அவர் வேலையிலிருந்து நிற்கிறார். உனக்கு அதுவும் தெரியும். அதற்கு முன்னொரு தடவை போனில் கேட்டேன் அல்லவா, 'ஏப்ரல்ல வச்சுக்கலாமில்ல கண்ணு, அப்பாவும் வருவாரு' என்று. 'ஏப்ரல்ல எங்க ரெண்டு பேருக்கும் லீவு கெடைக்காதும்மா. அப்பா அடுத்த தடவ வரட்டும்' என்றாய். அடுத்த தடவை. எவ்வளவு சுலபமாகச் சொன்னாய். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இடது முழங்கால் சரியாக மடங்குவதில்லை. எஸ்டேட்டின் மேல் டிவிஷனுக்குப் போகும் ஏற்றத்தில் இப்போது இரண்டு இடத்தில் நின்று, பாக்கெட் நோட்டை எடுத்து ஏதோ சரிபார்ப்பதுபோல் பாவனை செய்து, மூச்சு வாங்கிவிட்டு ஏறுகிறார். நோட்டில் ஒன்றும் இல்லை. நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. இந்த மனிதருக்கு நீ அடுத்த தடவை தருகிறாய்.

கடலில் அவருக்கு ஆர்வம் இல்லை என்று உனக்கு யார் சொன்னது? அந்தமான் என் ஆசை என்று எப்படி முடிவு செய்தாய்? நீ பிறப்பதற்கு முன், நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வகுப்பில் வரைபடம் கிடையாது. சுவரில் சாக்கட்டியால் இந்தியா வரைந்தேன், வலதுபக்கம் தள்ளி நீலச் சாக்கட்டியால் புள்ளி புள்ளியாகத் தீவுகள் வைத்தேன். கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்க்க வந்த உன் அப்பா அதைப் பார்த்து நின்றுவிட்டார். 'என்ன டீச்சர், மைய ஒதறிப்போட்டயா?' என்றார். 'தீவுக்கூட்டமுங்க' என்றேன். 'ஒவ்வொண்ணுமே ஒரு ஊரா? சுத்தியுந் தண்ணியா?' 'ஆமாங்க.' ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார். 'அப்ப ஊட்டுல உப்பு தீந்துபோச்சுன்னா பக்கத்தூட்டுக்குக் கப்பல்ல போய்த்தான் வாங்கோணும்.' சுற்றிலும் உப்பாக இருக்கிற இடத்தில் உப்பு ஏன் தீர்கிறது என்று நான் கேட்டேன். இருவரும் சிரித்தோம். கல்யாணமாகி ஆறு மாதம். முதன்முதலாக அப்படிச் சிரித்தோம். ஆனால் அவர் போகவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து சரிவில் நிற்கிற ஆள். இங்கே எங்கே நின்றாலும் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். 'எல்லாப் பக்கமும் ஒரே மட்டமா இருக்கற எடத்துல ஒருக்கா நிக்கோணும்' என்றார். இதுதான் தொடக்கம். அவருடையது. என்னுடையது இல்லை.

போக வேண்டும் என்று நாங்கள் உட்கார்ந்து திட்டம் போட்டது எழுபத்தெட்டில். உனக்கு ஏழு வயது. ஒரு வருடம் முழுக்க அதே பேச்சு. மே மாதத் தொடக்கத்தில் ஒரு கப்பல், கடைசியில் ஒரு கப்பல் என்று தெரிந்தது. உன் அப்பா முதல் கப்பல் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். மே மாதம் நடுவில் சேர்வராயன் திருவிழா. மலை முழுக்க மேலே ஏறுகிற நேரத்தில் ரைட்டர் குடும்பம் மட்டும் கீழே இறங்கிப்போனால் தொழிலாளர் லைன் வீடுகளில் என்ன பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியும். சாமியை விட்டுவிட்டுக் கடலைப் பார்க்கப் போனாள் டீச்சர். அந்தப் பேச்சுக்குப் பயந்தேன். கடலுக்கு அல்ல. அதனால் திருவிழா முடிந்த மறுவாரம் என்று நான் தேதி வைத்தேன். எவ்வளவு பொருத்தமாக இருந்தது. பழம் பறித்தாகிவிட்டது. பூமழை பெய்து செடி பூத்தும் ஆகிவிட்டது. சாமி கும்பிட்டாகிவிட்டது. பள்ளிக்கூடமும் லீவு. எங்கள் வருடத்தைக் காப்பிச்செடி வகுத்துக் கொடுக்கிறது, நாங்கள் அதன்படி கல்யாணம் வைக்கிறோம், ஊர் போகிறோம், கூரை மாற்றுகிறோம். கடலுக்கும் தனியாக ஒரு வருடம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு என்று அழுத்தித்தான் எழுதுகிறேன். தென்மேற்குப் பருவமழை மே மாதப் பிற்பகுதியில் முதலில் தொடும் இடம் அந்தமான். இதை ஆண்டுதோறும் ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லிப் பரீட்சையில் கேட்டவள். நிரப்பாத பிள்ளைகளை நிற்கவைத்தவள்.

நாகலூர் பஸ் நிறுத்தத்துக்கு லைனே திரண்டு வந்தது உனக்கு நினைவிருக்கும். மேஸ்திரி சம்சாரம் ராசம்மா உன் கையில் எலுமிச்சம்பழம் வைத்தாள். 'டீச்சர், எனக்கு ஒரு சீசாவுல கடத்தண்ணி கொண்டாங்க' என்றாள். எதற்கு என்று கேட்டேன். 'உப்புன்னா எத்தன உப்புன்னு நக்கிப் பாக்கறனுங்க. அப்பறம் எங்க ஊட்டுக்காரரு எங்கொழம்பக் கொற சொல்லமாட்டாரு.' எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி சங்கு கேட்டாள். ஒருத்தி வெள்ளை மணல் கேட்டாள். நான் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டேன். மதராஸில் கப்பல் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர் எங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை, சலித்துக்கொண்டார். 'இன்னா சார், மே கடைசில வந்து கப்பல் எங்கன்றீங்க. புயல் சின்னம் சார். எப்போ கெளம்பும்னு யாருக்கும் தெரியாது. இனிமே அங்க ஒரே மழைதான். யாரு சார் உங்களுக்கு இந்த டேட்ட சொன்னது?' உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பார்த்திருக்கலாம். 'நாங்களாத்தாம் போட்டமுங்க' என்றார் அந்த மனிதரிடம்.

நான்கு நாள் ஒரு லாட்ஜில் காத்திருந்தோம். தினமும் ஆபீசுக்குப் போய்க் கேட்டோம். சாயங்காலம் கடற்கரை. உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால்வரை இறங்கி நின்றார். 'இந்தப் பக்கந்தான டீச்சர்?' என்று கிழக்கே கையைக் காட்டினார். 'ஆமாங்க, கொஞ்சம் தெக்கால' என்றேன். கொஞ்சம் தெற்காகத் திரும்பி நின்றார். நீ ஐஸ் வாங்கித் தின்றாய். ஓடினாய். கழுத்தெல்லாம் வேர்க்குரு. அவ்வளவுதான். இதைக் கவனமாகப் படி. வேர்க்குருவைத் தவிர உன் உடம்பில் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுச் சேலம் வந்து மலை பஸ் ஏறினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எனக்கு ஒரே எண்ணம். என்ன சொல்வது? ஐந்தாம் வகுப்புப் பாடம் டீச்சருக்கே தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? பஸ்ஸை விட்டு இறங்கியதும் ராசம்மாதான் முதலில் நின்றாள். 'என்னங்க டீச்சர், அதுக்குள்ளாற வந்துட்டீங்க? கப்பலு பறந்துருச்சுங்களா?' உன் அப்பா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். 'பையனுக்குக் காச்சலுங்க. நொம்ப அதிகமாப் போச்சு. திரும்பிட்டோம்.'

நீ என் கையைப் பிடித்திருந்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பிறகு இன்னொரு கையால் உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாய். நான் அதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் யாரும் சொல்லாமல் நீயாகவே போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாய். மே மாதத்தில். ராசம்மா கசாயம் காய்ச்சிக் கொண்டுவந்தாள். 'ஏங்கண்ணு, கடலெப் பாக்கப் போயிக் காச்சல வாங்கிட்டு வந்தியா சாமி?' என்று உன் தலையைத் தடவினாள். அவள் முன்னால் நான் அந்தக் கசாயத்தை உனக்கு ஊற்றினேன். இல்லாத காய்ச்சலுக்கு. நீ முகத்தைச் சுளிக்காமல் குடித்தாய். எந்தப் பிள்ளை அந்தக் கசாயத்தை அழாமல் குடிக்கும்? அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, கண்ணு, உனக்கு ஒன்றுமில்லை, அம்மா பொய் சொன்னேன் என்று. ஒரு நிமிட வேலை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்குள் நீ நம்பிவிட்டாய். ஒரு வாரத்துக்குள் லைன் பிள்ளைகள் உனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 'ஏய் அந்தமானு, கப்பல வுட்டுப்போட்டு எங்கடா போற?' ஹாஸ்டலுக்குப் போகும்வரை உனக்கு அந்தப் பெயர் இருந்தது.

மேட்டூர் டூரை நினைத்துப் பார். ஆறாம் வகுப்பு. காலையில் எழுந்தபோதே உனக்கு உடம்பு கொதித்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல், நான் தொடாதபடி ஒதுங்கி ஒதுங்கிச் சட்டை போட்டுக்கொண்டு போய் பஸ் ஏறியிருக்கிறாய். அணைக்கட்டில் மயங்கி விழுந்துவிட்டாய். வாத்தியார் தூக்கிக்கொண்டு வந்தார். நான் முதலில் செய்தது என்ன தெரியுமா, உன் முதுகில் ஓங்கி அடித்தேன். ஏன்டா சொல்லவில்லை என்று. டைபாய்டு. சேலம் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். கண் விழித்ததும் நீ கேட்டாய், 'என்னாலே டூர் கெட்டுப்போச்சாம்மா?' எனக்கு உடனே புரிந்துவிட்டது. நீ எதை மறைத்தாய், ஏன் மறைத்தாய், அதை யார் உனக்குள் வைத்தது, எல்லாம் ஒரு நொடியில். உன் அப்பா கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். இந்தத் தடவை பார்த்தார். அப்போதும் நான் சொல்லவில்லை. 'இல்ல சாமி, தூங்கு' என்றேன். உன் கல்யாணத்தன்று காலையிலும் உனக்குச் சூடு இருந்தது. தொட்டேன், கையைத் தட்டிவிட்டாய். 'ஒண்ணுமில்லம்மா' என்றாய். அன்றிரவு உன் அப்பா சொன்னார், 'அதெ அவங்கிட்டச் சொல்லிப்போடு டீச்சர். நொம்ப நாளாச்சு.' நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை, ஒரு முறைகூட அவர் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. அவர்மேல்தான் எரிந்து விழுந்தேன்.

இப்போது உன் தாளின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். கட்டங்களுக்குக் கீழே பேனாவால் எழுதியிருக்கிறாய்: 'அன்று என்னால் கெட்டதை இப்போது சரி செய்கிறேன், அம்மா.' உன்னால் எதுவும் கெடவில்லை. உனக்குக் காய்ச்சல் இல்லை. உன் அம்மாவுக்குப் புவியியல் தெரியவில்லை, அதை ஒப்புக்கொள்ளத் தைரியமும் இல்லை. நடந்தது இவ்வளவுதான். ஏழு வயதுப் பையனை முன்னால் நிறுத்தி அவனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, உன்மேல் இத்தனை கோபத்தை வைத்துக்கொண்டு. ஆனாலும் கேட்கிறேன்.

கேட்டுவிட்டதால் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. நான் செய்தது உன் தாளைச் சரியாக்கிவிடாது. நீ சுமந்தது நிஜம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஈடு செய்ய வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தவன் முதலில் யார் பெயரை எழுதியிருக்க வேண்டும்? கடலுக்குள் இறங்கித் தெற்காகத் திரும்பி நின்றவரின் பெயரை. நீயும் அதைப் பார்த்தாய், கையில் ஐஸோடு. உனக்கு லீவு கிடைக்கிற மாதம் ஜனவரி. குட்டியைப் பார்க்க ஒரு ஆள் தேவை. அந்த இரண்டையும் வைத்துத் திட்டம் போட்டுவிட்டு, மேலே அம்மாவின் ஆசை என்று எழுதி ஒட்டினாய். நான் எனக்கு வசதியான இடத்தில் உன்னை நிறுத்தினேன். நீ உனக்கு வசதியான இடத்தில் என்னை நிறுத்துகிறாய். வேறு யாரிடம் கற்றுக்கொண்டிருப்பாய்? எழுத எழுதக் கோபம் ஏறுகிறது. யார்மேல் என்று இந்த வரியில் எனக்கே தெரியவில்லை.

குட்டி விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், அம்மாவாக அல்ல, தவறு செய்தவளாக. அவளிடம் எப்போதாவது பொய் சொல்ல நேர்ந்தால் அன்று படுக்கப் போவதற்குள் திருத்திவிடு. பிள்ளைகள் தங்கள் நெற்றியைத் தாங்களே தொட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் நம் கையில் ஒன்றும் இல்லை. அப்புறம், அவளை எங்கே கூட்டிப்போனாலும் முதலில் அவளிடம் கேள். பேச வரும் வயது ஆனதும் கேள். யாருக்காக என்று சொல்கிறோமோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நம் வீட்டில் எத்தனை திட்டம் போட்டோம் என்று எண்ணிப் பார்க்கிறேன். உன் ஹாஸ்டல். உன் அப்பாவின் முதல் கப்பல். நீ பொறியியல் படித்தது. எல்லாவற்றிலும் நான் தேதி வைத்தேன். இந்தத் தடவை நீ வைத்தாய். உனக்குப் பிடித்ததா இல்லையா என்று நான் அன்று கேட்டதில்லை. எனக்குப் பிடிக்கவில்லை என்று இன்று நான் சொல்கிறேன். உனக்கும் அப்படிச் சொல்ல உரிமை இருந்தது. இப்போதும் இருக்கிறது. பதில் எழுது. திட்டி எழுது. 'பரவாயில்லைம்மா' என்று மட்டும் எழுதாதே.

நீ எனக்கு அனுப்பிய டிக்கெட் இதற்குள் இருக்கிறது. நீங்கள் மூவரும் போய் வாருங்கள். அறையில் மாறி மாறி இருங்கள். ஒரு நாள் நீ, ஒரு நாள் மாலதி. பவளப்பாறை ஓடிப்போகாது. குட்டியையும் தண்ணீரில் நிற்கவையுங்கள், கால் நனையும், அழுவாள், அப்புறம் சிரிப்பாள்.

மேலே இருப்பதை எழுதி மூன்று நாள் ஆகிறது. ஒட்டுவதற்கு முன் உன் அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். தராசடியிலேயே நின்று படித்தார். மடித்துக் கொடுத்தார். 'காச்சல் சமாச்சாரத்த எழுதிப்போட்டியே' என்றார். பிறகு அடுத்த சாக்கைத் தூக்கி வைக்கச் சொன்னார். ராசம்மாவும் அங்கேதான் நின்றிருந்தாள், தன் சாக்குக்காக. அவளிடமும் சொன்னேன், அன்று பையனுக்குக் காய்ச்சல் இல்லை, நான்தான் மழைக்காலம் தெரியாமல் தேதி வைத்தேன் என்று. கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ராசம்மா சிரிக்கவில்லை. 'அப்பறம் எதுக்குங்க டீச்சர் எங் கசாயத்த அந்தப் புள்ள வாயில ஊத்துனீங்க?' என்று கேட்டாள். அவள் சாக்கைத் தராசில் தூக்கி வைக்கக் கை கொடுத்தேன்.

நேற்று மதராஸ் கப்பல் ஆபீசுக்கு எழுதி விண்ணப்பப் படிவம் கேட்டிருக்கிறேன். ஏப்ரல் கடைசியில், பரீட்சை முடிந்ததும் கிளம்புகிற கப்பல். திருவிழாவுக்கு முன்னால். தேதியை உன் அப்பாவிடம் கேட்டுத்தான் எழுதினேன். எத்தனை பேர் என்று குறிப்பிட வேண்டுமாம். இரண்டு என்று எழுதி, அவர் பெயரை முதலில் போட்டேன். இந்தக் கடிதத்தை ஏற்காடு தபால் ஆபீசில் ரிஜிஸ்டர் செய்துவிட்டுப் பத்தரை பஸ்ஸில் பள்ளிக்கூடம் திரும்ப வேண்டும்.